தலைப்பில் ஒரு ‘நான்’

மே 5, திங்கள்
கத்திரி நேற்றுத் தொடங்கியது. காலை எட்டு மணிக்கே மஞ்சக்குப்பம் ரோட்டில் தார் இளகிக் கிடக்கிறது. நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் செய்முறைத் தேர்வு, நாள் முழுக்க நின்றபடி. கால் வலி.
வாங்க: மோர் மிளகாய், மாமாவுக்குக் கண் மருந்து, பிரிண்டர் மை.
சாயங்காலம் என் மாமனார் வாசலில் யாரிடமோ, “எங்க மருமவ சமச்சீர்ல பிஎச்டி பண்றா.”
“ஸ்கூல் புக்குல வந்துச்சே, அந்த சமச்சீரா? அதுக்கா இத்தன வருஷம்?”
திருத்தவில்லை. தெம்பில்லை.

மே 6, செவ்வாய்
ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயக் கணக்கு கம்ப்யூட்டரில் ஓடி முடிந்தது. விடை எனக்குப் பிடிக்கவில்லை.
பொதுவாகச் சூடேற்றினால் உடைந்த சமச்சீர் மீண்டுவிடும். நன்றாகச் சூடான காந்தம் எந்தத் திசைப் பக்கமும் சாயாது. ஆனால் இரண்டு இயற்பியல் புலங்களை எதிர்க்குறியோடு பிணைத்தால், எவ்வளவு சூட்டிலும் ஒன்று உடைந்தே இருக்கும், மீளாது. எங்கள் மாதிரியில் அப்படித்தான் என்பது என் கைடு சாரின் நம்பிக்கை. இளவயதில் அவருக்குத் தோன்றியதாம். ஆய்வேடே அதுதான்.
இன்று எல்லாத் திருத்தங்களையும் சேர்த்தேன். வரைபடத்தில் உடைவைக் காட்டும் கோடு கொஞ்சதூரம் மேலேயே போய், பிறகு சரிந்து பூஜ்யத்தில் உட்கார்ந்துவிட்டது. சமச்சீர் மீண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் தெரிந்த விடை.
குறியைச் சரிபார்த்தேன். மறுபடியும். கையால் போட்டும் அதேதான். அழுகை வந்தது. குக்கர் விசில், எழுந்து போனேன்.

மே 7, புதன்
சாரைப் பார்க்கச் சிதம்பரம் பஸ். உட்கார இடமில்லை. கண்டக்டர், “புதுச்சத்திரம் எறங்குறவங்க முன்னாடி வாங்க, கடைசில கத்தாதீங்க.”
சார் வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.
“கோடு சரியுது பாரு, அதுக்கு முன்னாடியே படத்த நிறுத்திடும்மா. அதுவரைக்கும் பொய் இல்லியே.”
“அதுக்கு மேல என்னன்னு வைவால கேப்பாங்க சார்.”
“கேக்க மாட்டாங்க. ஜூன்ல நான் ரிட்டயர்டு. அதுக்குள்ள தீசிஸ குடுக்கலன்னா நீ வேற கைடு தேடணும். காலேஜ்ல உன்ன பர்மனன்ட் பண்ணவும் மாட்டாங்க. யோசி.”
கோபம் வரவில்லை, அதுதான் வருத்தம்.
வீட்டுக்குக் கத்திரிக்காய் கொத்சு பார்சல். பாதி பையில் கொட்டிவிட்டது.

மே 8, வியாழன்
வெட்டிய படம் ஒன்று, முழுப் படம் ஒன்று. இரண்டையும் அச்செடுத்தேன். வெட்டியது பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கண்றாவி.
முகப்புத் தாளை மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார். சார் வைத்த ஆங்கிலத் தலைப்பு. “சிம்மெட்ரி... நான்... ரெஸ்டரேஷன். நடுவுல யாரும்மா அது நான்? நீயா?”
“அது இங்கிலீஷ் நான், மாமா. இல்லேன்னு அர்த்தம். சமச்சீர் மீளாதுன்னு.”
“மீளாதுன்னு எழுதத்தான் இவ்ளோ பாடா?”
மாமா என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 9, வெள்ளி
இரவெல்லாம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. தலைவலியோடு சிதம்பரம். வெட்டிய படத்தை வீட்டிலேயே கிழித்துப் போட்டாயிற்று, இல்லையென்றால் பஸ்ஸில் மனசு மாறியிருப்பேன்.
முழுப் படத்தை மேசைமேல் வைத்தேன். “இதுதான் சார் வந்துச்சு. இதத்தான் குடுப்பேன். கையெழுத்துப் போடலன்னாலும் பரவால்ல.”
சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முகப்புத் தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, தலைப்பில் ஒரே ஒரு கோடு.
“நான்-ன அடிச்சிட்டேம்மா. மத்ததெல்லாம் அப்பிடியே இருக்கட்டும்.”
கீழே கையெழுத்துப் போட்டார்.