படத்தில் தெரிந்த வெள்ளைத் திட்டுகள்

அடி அண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பிரசாத்துக்கு அம்மா சரசு ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் ராணுவ முகாமில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொள். போனில் பாதி சொல்வதற்குள் லைன் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி அபிநயா தேறிவிட்டாள்!

சித்திரையில் அவள் நம் கடையில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள் அல்லவா? இங்கே பார்த்த டாக்டர், "புருஷன் பக்கத்துல இல்ல, மனசுல பயம்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தைக் கடையில் தனியாகச் சமாளிக்கிறவளுக்கு என்ன பயம்? "கெளம்புமா, வேலூர் போலாம்" என்று அவளோடு பஸ் ஏறிவிட்டேன்.

அங்கே இதய டாக்டர் தமிழ்செல்வி, துடிப்பு நடுநடுவே விட்டுப்போவதைக் கண்டுபிடித்தார். எக்கோ ஸ்கேனில் காரணம் பிடிபடவில்லை. "எம்.ஆர்.ஐ. எடுத்தா இதயத் தசைக்குள்ள இருக்கறது தெரியும்" என்றார்.

அந்த ஸ்கேன் அறைக்குள்ளே இரும்பு, தங்கம் எதுவும் கூடாதாம். இவள் தாலிச் சங்கிலியிலோ வரிசையாக ஊக்குகள்! கழற்றச் சொன்னதும் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானே கழற்றி மஞ்சள் கயிறு கட்டி, "என் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது, நீ போ" என்றேன். அந்த மெஷின் குழாய்க்குள் தடதடவென்று சத்தம், மூச்சை அடக்கு, விடு என்று ஓயாமல் குரல். ஒருமுறைகூட அவள் நிறுத்தச் சொல்லவில்லை.

ஊசி மருந்து ஏற்றி எடுத்த படத்தில் இதயத் தசை நெடுக அங்கங்கே வெள்ளைத் திட்டுகள். சார்காய்டோசிஸ் என்று பெயராம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி, சின்னச் சின்ன முடிச்சுகளாகக் கட்டிவிடுமாம். நெஞ்சுக்குள் இருந்த நெறிக்கட்டியில் துளி எடுத்துப் பார்த்தும் உறுதி செய்தார்கள். ஒட்டுகிற நோய் இல்லை. "இன்னும் விட்டிருந்தா துடிப்பே நின்னிருக்கும்" என்றார் டாக்டர். உன் மனைவி கேட்டாள் பார், "அப்ப இது மனசுல இருக்கற பயம் இல்லதானே?"

அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுத்த மாத்திரையால் முகம் உப்பியிருக்கிறது, பசி ஜாஸ்தி. ஆனால் மயக்கமே வரவில்லை. போன வாரம் எடுத்த படத்தில் இதயத்து வீக்கம் நன்றாகக் கம்மியாகிவிட்டது. துடிப்பும் சீர். மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, சோதனைக்குத் தவறாமல் போக வேண்டும்.

அன்றைக்கு வேலூரிலிருந்து திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கியதும் படத்தோடு நேராக நம்மூர்ப் பழைய டாக்டரிடம் போனாள். அவர் பார்த்துவிட்டு, "நான் தப்பா நெனச்சிட்டேம்மா" என்றார். தெருவுக்கு வந்து இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

லீவு கிடைத்தால் வா. அவளுக்காகப் பதறி ஓடிவர வேண்டாம், அவள் திடமாக இருக்கிறாள். இத்தனை மாதமும் அவள் எதிரில் நான் அழவே இல்லை, பிரசாத். அம்மாவைப் பார்க்க ஒருமுறை வந்துவிட்டுப் போ.

அண்ணாமலையார் துணை இருப்பார்.

உன் அம்மா,
சரசு