கேட்டைத் திறந்து போட்டது யார்?

என் தங்கச்சிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உன்மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைசி இரண்டு நாள் அம்மா உன் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை என்று நர்ஸ் சொன்னார். அடக்கம் முடிந்ததும் சொல்லாமல் கிளம்பிவிட்டாய். அப்பா உன் முகத்தையே பார்க்கவில்லை. நம் ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டாயோ என்று பயந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது, உனக்கு ஆறு. நான் கேட்டைச் சாத்தாமல் வந்ததை நீ மட்டும்தான் பார்த்தாய். நம் கடைசித் தங்கச்சி குட்டிம்மா அந்த வழியாகத்தான் ரோட்டுக்குப் போய் வண்டியில் அடிபட்டுச் செத்தாள். காற்றில் திறந்துகொண்டது என்று இருவரும் சாதித்தோம்.

நேற்று அப்பாவிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "அம்மாகிட்ட அவ என்னப்பா சொன்னா?"

"கேட்டைத் திறந்து போட்டது யாருன்னு உங்கம்மா கடைசியில கேட்டுக்கிட்டே இருந்தா. நான்தான்மான்னு உன் தங்கச்சி ஒத்துக்கிட்டா."

ஏண்டி அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றவா, இல்லை அம்மா கேட்பதை நிறுத்தினால் போதும் என்றா? இன்னும் எனக்குப் புரியவில்லை.

"அவ இல்லப்பா. நான்தான்" என்றேன்.

அப்பா திட்டவில்லை. எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "அவ வீட்டுக்கு எந்த பஸ்?" என்று கேட்டார்.

இந்தக் கடிதம் முதலில் உனக்குக் கிடைக்கட்டும் என்று அவரை நிறுத்திவைத்திருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவருக்கு உன் கையால் ஒரு வாய் சாப்பாடு போடு.

உன் அக்கா