காலடியில் இருந்த பெயர்

பெங்களூர், 12-3-1954

அன்புள்ள பூவாயிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா?

கல்லறைக் கல் ஒன்றில் பாதிரியார் எழுதித் தந்த நாலு இங்கிலீஷ் எழுத்தை வெட்டிக்கொண்டிருந்தேன். மாமல்லபுரத்தில் அம்மி கொத்தும்போது செய்வதுபோல் கல்லைக் காலால் அழுத்தியிருந்தேன். செங்கல்பட்டு மேஸ்திரி சடையப்பன் பார்த்துவிட்டு, “இன்னாய்யா, சாமி பேரு மேல காலை வெச்சிகினு கீறே?” என்றார். அது ‘தேயுஸ்’. லத்தீனில் கடவுள் என்று பொருளாம். பூசையில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். சட்டென்று காலை எடுத்ததில் கல் நழுவிக் கால்விரலில் லேசாகப் பட்டது. பயப்படாதே, ஆறிவிட்டது.

எந்தச் சாமியானாலும் சாமிதானே. இப்போது கால் வைக்காமல் வெட்டுகிறேன்; வேலை இழுக்கிறது. பாப்பாவின் காதுகுத்தைச் சித்திரைக்குத் தள்ளிவை.

எழுத்தில் படியும் தூசியைத் துடைக்க உன் பழைய சேலையில் ஒரு துண்டு அனுப்பு. மேஸ்திரி கூப்பிடுகிறார். துணி இங்கேயும் கிடைக்கிறது; ஆனாலும் அனுப்பு.

செங்கல்வராயன்