சுக்கான் ஏன் நடுங்குகிறது

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாவது சர்வோவும் ஊத்திக்கொண்டது. தீப்பெட்டி அளவு பெட்டி. ரிமோட்டில் குச்சியை எவ்வளவு தள்ளுகிறோமோ அந்த அளவுக்குப் பொம்மைப் படகின் சுக்கானைத் திருப்ப வேண்டும், விட்டால் நேராக நிற்க வேண்டும். அதற்கு வேறு வேலையே கிடையாது. அதற்கும் துப்பில்லை. அண்ணன் ஏரியில் படகை விட்டால் சுக்கான் நடுங்குகிறது, படகு வாலாட்டிக்கொண்டே போகிறது.

“இன்ஜினியரு வாங்கிக் குடுத்த சாமான். டான்ஸ் நல்லா ஆடுது” என்றான். கரையில் எல்லோரும் சிரித்தார்கள். நாள் முழுக்கத் தராசுகளின் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். படகுப் பந்தயம் பதினாறாம் தேதி.

மார்ச் 6

மூன்றையும் வீட்டு மேசையில் சோதித்தேன். சர்வோவின் கையில் ஒரு உறிஞ்சுகுழலை ஒட்டி, பின்னால் வரைபடத்தாள் வைத்து, இரண்டு மணி நேரம் பார்த்தேன். ஒன்றுகூட அரை மில்லிமீட்டர் நடுங்கவில்லை. அப்புறம் தண்ணீரில் மட்டும் என்ன கேடு?

கடைக்காரரிடம் போய் இருப்பதிலேயே துல்லியமானது வேண்டும் என்றேன்.

“தம்பி, படகுக்குத்தானே? ராக்கெட்டுக்கு இல்லையே?”

“இருக்கா இல்லையா?”

“இருக்கு. பல்சக்கரம் பூரா உலோகம். குச்சி மயிரிழை நகர்ந்தாலும் இது கேக்கும்.”

கேட்கட்டும். அதற்குத்தான் வாங்குவது.

மார்ச் 9, ஞாயிறு

நான்காவதுதான் எல்லாவற்றையும் விட மோசம்.

முதலில் வாங்கிய மட்டமான சர்வோ கொஞ்சம் அடக்கமாக ஆடியது. உசத்தியாகப் போகப் போக ஆட்டம் கூடுகிறது. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? எரிச்சலில் அண்ணன் மேல் பாய்ந்தேன் — குச்சியைச் சும்மா விடு, நோண்டிக்கொண்டே இருக்காதே என்று. எல்லோர் முன்னாலும்.

“நோண்டலடா” என்றான். பதிலுக்குத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

மார்ச் 11

பேட்டரி மாற்றினேன். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் மாற்றினேன். ஒயர் மாற்றினேன். ரிமோட்டையே கடன் வாங்கி மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 15, சனி

வேலையிடத்திலிருந்து, சிக்னலைக் கோடாக வரையும் பதிவுக் கருவியை எடுத்துப்போய் ரிசீவரில் இணைத்தேன். அண்ணன் பத்து நிமிடம் ஓட்டினான். நொடிக்கு ஐந்து சின்னத் துடிப்பு. சீராக. கெட்ட ஒயர் இப்படிச் செய்யாது, அது வரும், போகும். ரிமோட்டை நான் வாங்கி ஓட்டினேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. அவனிடம் கொடுத்தேன். மறுபடி அலை. நான் வாங்கினேன், கோடு. ஒரு அளவை மூன்று தடவை எடுப்பது என் பழக்கம். மூன்றாவது தடவை நீட்டியபோது அவன் வாங்கவில்லை, வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“சர்வோ நல்லாத்தான் இருக்கு போல” என்றான்.

நான் சொன்னது: “ரிமோட்டு குச்சி லூசா இருக்கும்.” இரண்டு ரிமோட்டிலுமா? அளந்ததை மாற்றிச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். பத்து மாடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு, கைக்கு ஒரு குச்சி. முப்பது டன் கண்டெய்னர் பெட்டியைக் கீழே நிற்கும் ஆட்களுக்கு நடுவில் இறக்குவது வலது கைக் குச்சி.

மார்ச் 16

பந்தயத்துக்கு அண்ணன் வரவில்லை. காய்ச்சலாம்.

அண்ணி போன் செய்தார். “காய்ச்சல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. சுவத்தப் பாத்து படுத்திருக்காரு. ஆறு மாசமா சட்டைப் பட்டன் போட என்னைத்தான் கூப்புடுவாரு. செல்லம் கொஞ்சறாருன்னு நெனச்சிட்டேன்.”

சாப்பிட்டானா என்று கேட்டேன்.

மார்ச் 17

நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். பக்குவமாகப் பேச எனக்கு வராது. கை நடுங்குது, மேல ஏறாத, டாக்டரப் பாரு என்றேன்.

“அங்க நடுங்காது. அந்தக் குச்சி கெட்டியா இருக்கும். இறுக்கிப் புடிச்சா அடங்கிடும்.”

“அளந்து பாத்தியா?”

“நீ உன் தராசு வேலையப் பாரு.” பிறகு குரலை இறக்கி, “சின்ன அசைவக் கண்டுக்காத சர்வோ எதாவது இருக்குமில்ல. அத வாங்கிப் போட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்ளோ பேச்சு?”

இருக்கிறது. படகுக்கு. வாங்கிப் போட்டால் நாளைக்கே படகு நேராக ஓடும். படகு நேராக ஓடி என்ன ஆகப்போகிறது?

கிளம்பும்போது செருப்பை மாட்டவிடாமல் வாசலில் நிறுத்தினான். “எங்க ஆபீஸ்ல யார்ட்டயாவது வாயத் தொறந்த, நீ எனக்குத் தம்பியே இல்ல.”

மார்ச் 18

வேலைக்குப் போய்விட்டான். துறைமுக அலுவலக எண்ணை இரண்டு தடவை அழுத்தி இரண்டு தடவையும் துண்டித்தேன். சொன்னால் அவன் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டது. சொல்லாமல் விட்டு, கீழே ஒருத்தன் நசுங்கினால்? அவன் வீட்டிலும் ஒரு தம்பி இருப்பான்.

ஒரு எழவும் செய்யத் தெரியவில்லை எனக்கு.

மார்ச் 20

இன்றும் ஏறினான். அண்ணி சொன்னார். அவன் என் போனை எடுப்பதில்லை.

மார்ச் 24, திங்கள்

மதியம் அவனே கூப்பிட்டான். பின்னால் லாரி இரைச்சல்.

“வெள்ளிக்கெழமைலேர்ந்து மேல ஏறல. சூப்பர்வைசர்ட்ட நானே சொல்லிட்டேன். இப்போதைக்கு கேட்ல உக்காந்து லாரிக்குச் சீட்டு எழுதறேன். எழுத்து கேவலமா இருக்கு.”

என்ன நடந்தது என்று கேட்டேன்.

“ஒண்ணும் நடக்கல. வியாழக்கெழம பெட்டி எறக்கறேன், கீழ நிக்கறவன் எப்பவும் நிக்கற எடத்துல நிக்கல. ரெண்டு எட்டு தள்ளி நின்னான். மறுபடி எறக்கறேன், மறுபடியும் தள்ளி நிக்கறான். எட்டு வருஷமா எனக்குக் கீழ வேல பாக்கறவண்டா. ஒரு வார்த்த சொல்லல.”

நாளை மூன்று மணிக்கு நரம்பு டாக்டர். கூட வருகிறேன் என்றேன், லீவு போட்டுவிட்டேன். சரி என்றானே தவிர போனை வைக்கவில்லை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

“டேய், கீழேர்ந்து பாத்தா கிரேன் ரொம்ப ஒயரண்டா.”