இரண்டு ஏஸ் வந்த ஞாயிறு

இன்று மகள் ஒரு புதுச் சீட்டுக்கட்டு வாங்கி வந்தாள். லண்டன் கிங்ஸ்பரியில், எங்கள் வீட்டின் முன்னறையில் அவள் அதன் மேலுறையை உரித்தபோது, மையும் மெழுகும் கலந்த அந்த வாசனை என்னிடம் வந்தது. புதுக்கட்டு எதையும் நீ முதலில் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "பள்ளிக்கூடம் தொடங்கின மாதிரிக் கிடக்கடா" என்பாய். "அப்பா, விளையாட வாறீங்களா?" என்று மகள் கேட்டாள். தலையிடி என்று சொல்லிவிட்டு மாடிக்கு வந்து இதை எழுதுகிறேன்.

சீட்டால்தான் நாம் சிநேகிதரானோம். ஜெர்மனியின் அகதி விடுதியில் பனிக்காலம் முழுவதும் முந்நூற்றுநாலு என்ற ஊர்ச் சீட்டாட்டம் விளையாடினோம். லண்டனுக்கு வந்தபிறகு இருவருக்கும் ஒரே குளிர்களஞ்சியத்தில் வேலை. போக்கர் இங்கேதான் பிடித்தது. ஆர்ச்வேயில், முருகன் கோயிலிலிருந்து இறங்கி வரும் வழியில் ஒரு பப். அதன் மேல்மாடியில் ஞாயிறு மத்தியானங்களில் சின்னப் போட்டி நடக்கும். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசைக் கட்டினால் பந்தயம் வைக்க ஆளுக்கு ஓர் அடுக்கு சிப்ஸ், வட்ட வில்லைகள், தருவார்கள். அது முடிந்தால் எழும்பிப் போகவேண்டியதுதான். நான் திருநீற்றைத் துடைத்துவிட்டுப் படியேறுவேன். நீ துடைக்கமாட்டாய். உன் மனைவிக்குச் சீட்டு என்ற சொல்லே ஆகாது. ஆகவே வீட்டில் அது ஞாயிறு ஷிப்ட். வன்னியில் இருந்த உன் தம்பிக்கும் நீ அப்படித்தான் சொல்லிவைத்திருந்தாய்.

யுத்தத்தின் அந்தக் கடைசி மாதங்களில் நீ சீட்டைத் தொடவில்லை. தம்பியும் மனைவியும் பிள்ளையும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள். எப்போதாவது, யாரிடமோ இருந்த செய்மதித் தொலைபேசியில் அவன் உனக்கு அழைப்பு எடுப்பான். நீ திரும்ப அழைக்க முடியாது. வேலைத்தலத்தில் கையுறைக்குள்ளேயே தொலைபேசியை வைத்துக்கொண்டு திரிந்தாய். ஒரு ஞாயிறு, கோயில் வாசலில் வைத்து நீயேதான் சொன்னாய்: "வீட்டில இருக்க ஏலாதடா. சுவரெல்லாம் என்னைப் பாக்குது. வா, கொஞ்ச நேரம் விளையாடுவம்."

போட்டியை நடத்திய அயர்லாந்துக் கிழவரிடம் போய், ஊரிலிருந்து அழைப்பு வரக்கூடும் என்று சொன்னாய். தொலைபேசியை மேசையில் வைத்துக்கொள், ஆனால் ஆட்டத்தின் நடுவே பேசினால் கையிலுள்ள சீட்டுச் செல்லாது, எல்லோருக்கும் அதுதான் விதி என்றார் அவர். நீ தலையாட்டினாய்.

தொடங்கிச் சற்று நேரம்கூட ஆகவில்லை. உனக்கு இரண்டு ஏஸ் வந்தது. அந்த விளையாட்டில் கைக்கு வரக்கூடியதில் அதைவிடப் பெரியது இல்லை. பக்கத்தில் இருந்த எனக்கு நீ பெருவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டினாய். நான் என் சீட்டை எறிந்து அந்தச் சுற்றிலிருந்து விலகியிருந்தேன். ஒருவர் பந்தயத்தை ஏற்றினார், நீ மேலே ஏற்றினாய். எதிரே இருந்த பருத்த மனிதர் தன் சிப்ஸ் முழுவதையும் நடுவே தள்ளினார். இனி நீ ஈடு வைக்கவேண்டும், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிடவேண்டும்.

அப்போதுதான் பச்சைத் துணியின்மேல் தொலைபேசி அதிர்ந்து நகர்ந்தது. நீளமான, பழக்கமில்லாத எண்.

"எடடா," என்றேன்.

நீ எண்ணைப் பார்த்தாய். சீட்டைப் பார்த்தாய். "இது முடியட்டும். உடன எடுக்கிறன்."

உன் சிப்ஸையும் நடுவே தள்ளினாய். அவர் இரண்டு ராஜாக்களைக் காட்டினார். கிழவர் பொதுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தபோதே அதிர்வு நின்றுவிட்டது. நீ வென்றாய். யாரோ மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். நீ சிப்ஸை இழுக்கவேயில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தாய், எடுத்தாய், மறுபடி வைத்தாய். அந்த எண்ணுக்கு மணி போகவில்லை.

கீழே, பப்பின் பின்முற்றத்தில், பீர்ப் பீப்பாய்களுக்கிடையே குளிரில் இருந்தோம். மேலே உன் கதிரை வெறுமையாக இருந்தாலும் போட்டி நடந்தது. ஆள் இல்லாவிட்டாலும் சுற்றுக்குச் சுற்று உன் அடுக்கிலிருந்து கழிப்பது அங்கே வழக்கம். கிழவர் ஒருமுறை இறங்கி வந்து, நீ இன்னும் முன்னணியில் நிற்கிறாய் என்று சொன்னார். உன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். இருட்டும்வரை நீ எழும்பவில்லை.

தம்பியின் அழைப்பு பிறகு வரவில்லை. யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்த அவனது அயலவர் ஒருவர் உன்னோடு பேசினார். அன்று தொலைபேசிக்கான வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவர் அவர். தம்பி சிரித்துக்கொண்டுதான் தொலைபேசியைக் கொடுத்தானாம். "அண்ணை வேலையில நிப்பார். பாவம், ஞாயிறும் வேலை அந்த மனுசனுக்கு. நாளைக்கு எடுத்துப் பாப்பம்" என்றானாம். அன்றிரவு விழுந்த ஷெல்லில் மூன்று பேரும் போனார்கள்.

நான் ஒருமுறை உன்னோடு வாதாடினேன். "நீ எடுத்திருந்தா மட்டும் அவனைக் காப்பாத்தியிருப்பியோ?"

"காப்பாத்த ஏலாது," என்றாய். "கதைச்சிருப்பன்."

அதற்குப் பிறகு நீ உண்மையிலேயே ஞாயிறு ஷிப்ட் கேட்டு வாங்கினாய். மனேஜருக்குச் சந்தோஷம். கோயிலுக்கும் வருவதில்லை. சில வருடங்களில், அந்தக் குளிர்களஞ்சியத்தின் ஏற்று மேடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். நான் மறுபக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தபோது உன் கண் திறந்துதான் இருந்தது.

செத்த வீட்டில் உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டா. "தம்பியார் எடுத்த அண்டைக்கு இவர் வேலையில நிண்டிட்டார் அண்ணை. அந்தக் கவலைதான் மனுசனை அரிச்சது. நீங்களும் அண்டைக்குக் கூட நிண்டனீங்கள்தானே?"

"ஓம்," என்றேன்.

வருடா வருடம் உன் திவசத்துக்குப் போகிறேன். சுவரில் நீயும் தம்பியும் படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறீர்கள். சாப்பிட வந்தவர்களில் யாராவது புதியவர் இருந்தால், உன் மனைவி அந்தக் கதையைச் சொல்லுவா. வேலை என்ற இடம் வந்ததும் நிறுத்தி, என் பக்கம் திரும்புவா. எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் சோற்றிலிருந்து கையை எடுத்து, ஓம் என்று தலையாட்டுவேன்.