வேலிக்கு இந்தப் பக்கம் வந்த மண்

மச்சாள்,

விடிய எழும்பி வேலிப்பக்கம் போனால், அங்கே கணுக்கால் அளவுக்குக் கறுத்த மண். இரவு கொட்டிய மாரி மழை உன் மேட்டுக்காணியிலிருந்து அதை இழுத்து வந்து என் காணிக்குள் போட்டிருந்தது. அள்ளி மணந்து பார்த்தேன். உக்கின வைக்கல் மணம். என்னுடையது வெளிறின மணல். அதுக்கு இந்த மணம் ஒருநாளும் இருந்ததில்லை. அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன்.

வயல் வட்டையில் நெல் வேளாண்மை வெட்டி முடிய, எல்லாரும் வைக்கலுக்கு நெருப்பு வைப்பார்கள். நீ மட்டும் சாக்கும் கயிறுமாய் ஓடுவாய். "மாடில்லாதவளுக்கு என்னத்துக்குகா வைக்கல்?" என்று சிரிப்பார்கள். "எண்ட மாடு மண்ணுக்குள்ள கிடக்கு, அதுக்குத்தான் தீனி" என்பாய். மண்புழுவைத்தான் சொல்கிறாய் என்று விளங்க எனக்கே கொஞ்ச நாள் சென்றது. உழவு மெசினை உன் காணிக்குள் விடமாட்டாய். பரப்பின வைக்கலை விலக்கி, மண்வெட்டியால் சின்னதாய்க் கீறி, சோளன் விதையைப் போட்டு மூடுவாய். அவ்வளவுதான் உன் உழவு.

முதல் போகம் உன் சோளன் என் இடுப்புக்கும் வரவில்லை. ரெண்டு தரம் உழுத என் காணியில் ஆளுயரம். "பாத்தியா புள்ள, மெசின் மெசின்தான்" என்று வேலிக்கு மேலால் நக்கலடித்தேன். அடுத்த போகம் உன் வைக்கலில் கறையான் வந்தது. அதுக்கும் சிரித்தேன் என்று, அண்ணன் பெண்சாதி என்றும் பாராமல் என்னைக் கிழிகிழியென்று ஏசினாய். ஆனால் வைக்கல் பரப்புறதை விட்டாயா? மழை பொய்த்த அந்த வருசம்தான் என் வாய் அடைத்தது. என் சோளன் மத்தியானத்துக்கே இலையைச் சுருட்டிக்கொண்டது. உன்னுடையது வைக்கலுக்குக் கீழே இருந்த ஈரத்தில் பச்சையாய் நின்றது. நுனி வரைக்கும் மணி கட்டின கதிர்களை என் மடியில் போட்டு, "தின்னு, வயிறெரியாத" என்றாய்.

நீ கண்ணை மூடி இன்னும் வருசம் திரும்பவில்லை. நம்மட முறைப்படி காணி உன் மகளுக்கு. பாசிக்குடா ஹோட்டல் வேலையை விட்டு வந்த மருமகன் கெட்டவனில்லை, அவசரக்காரன். வைக்கலை வழித்து எரித்து, மெசின் விட்டு மாவாக உழுதான். "மாமி, இப்பதான் காணி வடிவு" என்றான். மகளைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன். "அம்மாட வேலை எனக்குத் தெரியா மாமி. என்னை ஒருநாளாவது காணிக்குள்ள இறங்க விட்டவவா?" என்றாள்.

எனக்கு உன்னில்தான் கோபம் வருகிறது, மச்சாள். படிக்கிற பிள்ளை, வைக்கல் சுணை கடிக்கும் என்று அவளை வேலிக்கடப்பிலேயே நிற்பாட்டினாய். கோதாரி, அத்தனை வருசமும் மண்ணைப் பிள்ளை மாதிரிப் பார்த்தாயே, பெத்த பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுத்தாயா? கேட்டால் பதில் சொல்ல நீயும் இல்லை.

அதே காலையில் அவளும் வேலியடிக்கு வந்தாள். முளைத்த சோளனில் பாதி, வேர் தெரியச் சாய்ந்து கிடந்தது. "மாமி, இப்ப என்ன செய்யிற?" என்றாள். வைக்கலுக்கு வேளாண்மை வெட்டும் வரை பொறுக்கவேண்டும். மழையோ பொறுக்காது. வேலியில் நின்ற முள்முருக்கைத் தறிக்கச் சொன்னேன். இலைக்குழையை உருவி, கன்றுகளுக்கு இடையில் தடிப்பாய்ப் பரப்பினோம். என் பக்கம் வந்த மண்ணைத் தாச்சியில் அள்ளித் திரும்பக் கொட்டினோம். மருமகனும் வேலியடிக்கு வந்தான். என் கையிலிருந்த கத்தியை வாங்கினான். இந்தச் சோளன் கதிர் பிடிக்குமோ, எனக்குத் தெரியாது. பின்னேரமும் வானம் கறுத்துக்கொண்டுதான் நின்றது.

முள் குத்தி அவளுடைய ரெண்டு உள்ளங்கையும் இரத்தம். நீ இருந்தால் "காணும் புள்ள, போதும், வை" என்று ஓடி வந்திருப்பாய். எனக்கும் அது வாய்வரைக்கும் வந்தது. நான் சொல்லவில்லை.