வெள்ளை வைனில் மண்ணெண்ணெய்

ஜூன் 3, செவ்வாய்

விடாத மழை. தோட்டத்துப் பங்களா சமையலறைக் கூரை பழையபடி ஒழுகல். விருந்தாளி ஒருத்தி மட்டும், ஜெர்மன் நோனா, வெள்ளைக்காரி. கூடவே இரண்டு போத்தல் வெள்ளை வைன், அவள் ஊர்ச் சரக்கு. இனிப்பே கிடையாதாம். திராட்சையில் செய்ததாம், ஆனால் இனிக்காதாம். யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

மெனேஜர் மாத்தயா உத்தரவு: அந்த வைனுக்குத் தோதாகச் சமைக்க வேண்டும். மீன், இறால், கோழி சரி. தேங்காய்ப்பால் ரொம்பச் சரி. கொஞ்சம் புளிப்பு இருக்கலாம். கொச்சிக்காய்க் காரம் குறைவு. மாட்டிறைச்சி கூடாது. ஆளுக்குச் சமைத்திருக்கிறேன், போத்தலுக்குச் சமைப்பது இதுதான் முதல்.

இரவு சொதி, பொரித்த மீன், மேலே பிழிந்த தேசிக்காய். நோனா ஒரு போத்தலைத் திறந்து இரண்டு கிளாஸ். மிச்சம் பிரிட்ஜில்.

ஜூன் 4, புதன்

மழைதான். எஹலியகொட டவுனுக்குப் போய் இறால், தேசிக்காய், தீப்பெட்டி. பஸ்ஸில் ஒரு ஆள்: "இந்த மழைக்கு ரோடே கழண்டு போயிரும் போல." மெனேஜரும் நோனாவும் காலையிலேயே ரத்தினபுரிப் பக்கம். பங்களாவில் கணேசன் மட்டும்.

அதுதான் பயம். கணேசன் என் தங்கச்சி வசந்தியின் புருஷன். மாசியில் மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்து, இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன். அதை நம்பி, "நான் பொறுப்பு" என்று மெனேஜரிடம் சொல்லி வாட்சர் வேலை வாங்கிக் கொடுத்தது நான்.

வந்ததும் பிரிட்ஜைத் திறந்தேன். போத்தல் மூடி சரியாக இறுகவில்லை. மோந்து பார்த்தேன். மண்ணெண்ணெய்!

அளவு குறையவில்லை. சந்தேகமே அதில்தான். குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருக்கிறான். அதற்கு, லாம்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றும் புனலை எடுத்திருக்கிறான், மடையன். புனலும் ஈரம்.

"என்னக்கா அப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒன்னுமில்ல தம்பி."

கண் சிவப்பு. ராத்திரி தூக்கமில்லையாம். தூக்கமாம்!

மெனேஜருக்குத் தெரிந்தால் என் வேலையும் சேர்ந்து போகும். வசந்திக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அவரு அப்பிடிச் செய்ய மாட்டாருக்கா," என்றாள். "நானே மோந்து பாத்தேன்டி," என்றேன். போனை வைத்துவிட்டாள்.

ஜூன் 5, வியாழன்

வசந்தி நேற்று ராத்திரியே அவன் பையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டாளாம். பக்கத்து வீட்டு ராணி வந்து சொன்னது: "மழையில நின்னுக்கிட்டு, 'நா குடிக்கல புள்ள, கதவத் தொற'ன்னு கெஞ்சுனாரு. அவ தொறக்கவே இல்ல." நடிப்பு என்று நினைத்தேன். இன்று வேலைக்கு வரவில்லை. மெனேஜரிடம் காய்ச்சல் என்று ஒரு பொய்.

மத்தியானம் தேங்காய்ப்பால் இறால். நோனா அதே போத்தலை எடுத்தாள். கிளாஸுக்குள் மூக்கை விட்டு, சிரித்து, இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். மெனேஜர் என் பக்கம் திரும்பி, "சரோஜா, இதுல பூமிதெல் வாசம் இருக்குதாம். இந்த வைன் பழசானா அப்படித்தான் வருமாம். நோனாவுக்கு அதுதான் ஆசையாம்," என்றார். பூமிதெல் என்றால் மண்ணெண்ணெய்.

நான் நம்பவில்லை. இரண்டாவது போத்தலை என் கண்முன்னால் திறந்தார்கள். அதே வாசம்.

சமையலறையில் புனலைப் பார்த்தேன். கூரைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதற்குள்தான் விழுகிறது. நோனா இறாலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாளாம். எனக்கென்ன.

பாத்திரத்தைக் கூடக் கழுவாமல் லயத்து வீட்டுக்கு ஓடினேன். வசந்தி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள், அவ்வளவுதான்.

கோயில் படியில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, தப்பு எம்மேலதான். அது அந்த வைனோட வாசம். நீங்க குடிக்கல."

எழுந்து, தடுமாறி, கிட்டே வந்தான்.

"நேத்து வரைக்கும் குடிக்கலக்கா," என்றான். கசிப்புச் சாராய வாடை என் முகத்தில் அடித்தது.